பலகாரக் கூடத்து எண்ணெய்த் தண்ணீரைப் பாக்டீரியா செல்லுலோஸ் சவ்வில் வடிகட்ட முடியுமா?

கேள்வி இது: காரைக்குடிப் பக்கம் ஒரு பலகாரக் கூடம். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் போடுகிறார்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் நாளுக்கு 600 லிட்டர் வருகிறது. எண்ணெய் படிந்து வடிகால் அடைத்துக்கொள்கிறது. மழை பெய்தால் அது ஊரணியின் வரத்துக்காலில் போய்ச் சேர்கிறது. தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியா வளர்த்தால் கிடைக்கும் சவ்வு எண்ணெயைப் பிரித்துவிடும் என்கிறார்களே, நாமே செய்து மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் 600 லிட்டரையும் அதன் வழியாக விட நினைத்தால் ஒரே வாரத்தில் வெறுத்துப்போய்க் கழற்றி எறிந்துவிடுவீர்கள். சவ்வுக்குப் போக வேண்டியது அந்தத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதியை அதைவிட மலிவான, அலுக்காத வழிகளில் பிரிக்கலாம். எந்தப் பங்கைச் சவ்வுக்கு அனுப்புவது, ஏன் என்பது தெளிவாகிவிட்டால் மற்றது கைவேலைதான்.

முதலில் சவ்வு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். தவறு நடக்கும் இடமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. கொமகட்டைபாக்டர் சைலினஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையைத் தின்று, 20 முதல் 100 நானோமீட்டர் அகலமுள்ள செல்லுலோஸ் நாடாக்களை வெளியே தள்ளுகிறது. திரவத்தின் மேற்பரப்பில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நுங்கு போல ஒரு வழவழப்பான தட்டாக மாறும். பிரவுன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1886இலேயே இதை விவரித்துவிட்டார். பிலிப்பைன்சில் இதையே துண்டு போட்டு, பாகில் ஊறவைத்து, நாட்டா டி கோகோ என்று சாப்பிடுகிறார்கள். பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் அதே செல்லுலோஸ்தான். ஆனால் மரத்தில் இருப்பதுபோல, இழைகளை இறுக்கும் லிக்னின் என்ற பொருள் இதில் கிடையாது, இழையும் மிக மெல்லியது. ஈரத் தட்டின் எடையில் 98, 99 சதவீதம் தண்ணீர்.

எண்ணெயைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். செல்லுலோஸின் மேற்பரப்பு முழுக்கத் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள். நனைந்த நிலையில் ஒவ்வொரு துளையும் தண்ணீரால் நிரம்பியிருக்கும். எண்ணெய்த் துளி வந்து மோதினால் அந்தத் தண்ணீரை அதனால் விலக்க முடியாது, முத்தாக உருண்டு நிற்கும். காய்ந்த சவ்வு அப்படியில்லை. அது தண்ணீரையும் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும். முதலில் எண்ணெய் புகுந்த துளைக்குள் பிறகு தண்ணீர் நுழையாது. ஆகவே சவ்வை மாட்டியதும் சுத்தமான தண்ணீரைத்தான் முதலில் விட வேண்டும். இரவு வேலை முடிந்ததும் அது தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காயவிட்டாலும் சவ்வு போய்விடும். காயும்போது நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காகிதத்தோல் போல இறுகும். மறுபடி ஊறவைத்தாலும் பழைய துளைகள் திறக்காது.

இனி சோப்பு. ஒரு துளைக்குள் எண்ணெயைத் திணிக்கத் தேவைப்படும் அழுத்தம், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான பரப்பு இழுவிசையை (இரண்டும் கலக்காமல் விலகி நிற்கவைக்கும் இழுப்பை) இரண்டால் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுத்தால் வருவது. சோப்பில்லாத தண்ணீரில் கடலை எண்ணெய்க்கு அந்த இழுவிசையை மீட்டருக்கு 20 மில்லிநியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். சவ்வில் எங்கோ 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துளை இருந்தால்கூட, எண்ணெய் புக 80 கிலோபாஸ்கல் வேண்டும். அதாவது 8 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். அதே தண்ணீரில் பாத்திரம் விளக்கும் லிக்விட் கலந்து இழுவிசை 1 மில்லிநியூட்டனுக்கு இறங்கினால், வெறும் 40 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம் போதும், எண்ணெய் மறுபக்கம் வந்துவிடும். சோப்புத் தண்ணீரை மோட்டார் வைத்துச் சவ்வில் அழுத்துவது எண்ணெயைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் அழைத்துப்போவது போலத்தான். சவ்வுக்கு மேலே 30 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் போதும், அதற்கு மேல் வேண்டாம். சீயக்காயும் அரப்பும் போட்டுக் கழுவுகிறோம், அது இயற்கைதானே என்றும் நினைக்க வேண்டாம். அவற்றில் நுரை வரவைக்கும் சபோனினும் இதே வேலையைத்தான் செய்யும்.

அடுத்தது துளியின் அளவு. 30 டிகிரி வெப்பத்தில் 100 மைக்ரான் எண்ணெய்த் துளி நொடிக்கு அரை மில்லிமீட்டர் மேலே ஏறும். 30 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் பத்து நிமிடத்தில் மிதந்துவிடும். 10 மைக்ரான் துளி மணிக்கு 2 சென்டிமீட்டர்தான் ஏறும். 1 மைக்ரான் துளி மணிக்கு 0.2 மில்லிமீட்டர், அதே ஆழத்தைக் கடக்க இரண்டு மாதம். பெரிய துளிகளைத் தொட்டியே பார்த்துக்கொள்ளும். பால் போலக் கலங்கிப் பிரியவே பிரியாமல் நிற்கும் தண்ணீருக்குத்தான் சவ்வு.

அதனால் கழுவும் முறையில் ஆரம்பியுங்கள். சட்டி ஆறியதும் எண்ணெயை வழித்தெடுத்து, உமி கலக்காத தவிட்டைத் தூவித் துடைத்துவிடுங்கள். புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்திலேயே இருக்க, தவிட்டுக்கு என்ன பஞ்சம். துடைத்த தவிட்டைத் தனியாகச் சேருங்கள், கழுவும் தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அடுத்து சோப்பில்லாமல் வெந்நீரில் ஒரு அலசு. இந்தத் தண்ணீர்தான் அதிகம், 450 முதல் 500 லிட்டர் வரை வரும். இதைக் கிரீஸ் ட்ராப்புக்கு, அதாவது எண்ணெயை மிதக்கவிட்டுப் பிரிக்கும் தொட்டிக்கு, விடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்கும் கடைசிக் கழுவலை இரண்டாவது தொட்டியில், தனிக் குழாயில் பிடியுங்கள். 100 முதல் 120 லிட்டருக்குள் அடங்கும். இரண்டையும் கலந்தால் மொத்தத் தண்ணீரும் பாலாகிவிடும், பிறகு எந்த வழியும் எளிதாக இராது.

கிரீஸ் ட்ராப்பைப் பெரிதாகக் கட்டுங்கள். காலையில் ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர் வருமென்றால், அரை மணி நேரம் தங்க 150 லிட்டர் கொள்ளளவு வேண்டும். மேலே எண்ணெயும் அடியில் மாவும் இடம் பிடிக்கும் என்பதால் 300 லிட்டராகவே கட்டுவது நல்லது. மூன்று அறை, தடுப்புகளின் அடியில் திறப்பு, நீர் நுழையும் குழாய்க்கு டி வளைவு. மூடியைத் தினமும் திறக்கிற மாதிரி வையுங்கள். திறக்காத ட்ராப் ஒரு மாதத்தில் வெறும் குழாய்தான். டால்டாவும் நெய்யும் ஆறியதும் உறைந்து மிதக்கும், அகப்பையால் அள்ளலாம். தொட்டிக்கு முன்னால் 100 மைக்ரான் நைலான் வலை அவசியம். எல்லாரும் எண்ணெயையே பார்க்கிறார்கள். உண்மையில் சவ்வைச் சீக்கிரம் அடைப்பது பச்சரிசி மாவும் உளுந்து மாவும். வெந்நீரில் மாவு வெந்து கஞ்சியாகிச் சவ்வின் மேல் பூசிக்கொள்ளும். கஞ்சிப் படலத்தின் மேல் எண்ணெய் நன்றாக ஒட்டும்.

பம்ப் வைத்தே ஆக வேண்டும் என்றால் சவ்வுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்த சென்ட்ரிஃப்யூகல் மோட்டார் 50 மைக்ரான் துளியை அடித்து உடைத்து 2 மைக்ரானாக்கிக் கொடுக்கும்.

இப்போது சவ்வு வளர்ப்பு. முற்றிய தேங்காயின் தண்ணீர் 1 லிட்டர், துணியில் வடிகட்டியது. சர்க்கரை 50 கிராம், உணவுத் தர அம்மோனியம் சல்பேட் 5 கிராம். வினிகர் விட்டு, புளிப்பை அளக்கும் பி.ஹெச். தாளில் 4.5 வரும்வரை புளிப்பாக்குங்கள். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி, 30 டிகிரிக்கு ஆறியதும் பாக்டீரியா உள்ள விதைத் திரவம் 100 மில்லி சேருங்கள். விதைக்கு இரண்டு வழி. தூய வளர்ப்பு வேண்டுமென்றால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி., புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். ஆகிய நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்களில் கேட்கலாம். எளிய வழி உயிருள்ள கொம்புச்சா, அதாவது புளிக்கவைத்த தேநீர். ஆனால் அதில் ஈஸ்டும் கூடவே வரும். ஈஸ்ட் விடும் வாயுக் குமிழி தட்டுக்கு அடியில் தங்கினால் அந்த இடம் மெலிந்து ஓட்டை விழும். சாப்பிட அது குற்றமில்லை. வடிகட்டிக்கு ஒரே ஓட்டை போதும், மொத்தமும் வீண். தொடங்கிப் பார்க்கக் கொம்புச்சா, நிலையாக ஓட்டத் தூய வளர்ப்பு என்பதே என் யோசனை.

30க்கு 40 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ட்ரேயில் 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றினால் 3 லிட்டர் பிடிக்கும். அலுமினியமும் துத்தநாகம் பூசிய தகரமும் ஆகாது, புளிப்பு அரிக்கும். வேட்டித் துணியை இரண்டாக மடித்து மேலே இழுத்துக் கட்டுங்கள். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் பழ ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு மொய்க்கும். 28 முதல் 30 டிகிரி இருக்கும் அறை வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டுக் கொட்டகையில் வைத்தால் வளர்ச்சி சோர்ந்துவிடும். கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள பழைய வீட்டின் உள்ளறை இதற்குக் கச்சிதம். மூன்றாம் நாள் மேலே ஏடு தெரியும். அதன் பிறகு ட்ரேயைத் தொடாதீர்கள். அசைந்தால் ஏடு அமிழ்ந்து, அதன் மேல் இன்னொரு ஏடு வளரும். இரண்டும் ஒட்டாது, மாட்டிய பிறகு தோல் உரிவது போல உரியும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் முழு ட்ரேயையும் கொட்டிவிடுங்கள்.

ஐந்தாறு நாளில் 2, 3 மில்லிமீட்டர் கனம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். கனமாக இருந்தால் உறுதி என்று பத்துப் பதினைந்து நாள் விட்டால் தண்ணீர் இறங்காது. உறுதியைக் கீழே வைக்கும் தாங்கி பார்த்துக்கொள்ளும்.

எடுத்த தட்டை ஓடும் தண்ணீரில் அலசி, லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா கரைசலில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பாத்திரம் எவர்சில்வர் மட்டுமே. அலுமினியச் சட்டியைக் காஸ்டிக் கரைத்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை வெளிவிடும். பழுப்பு நிறம் போய் வெளுக்கும்வரை, தேவையானால் இரண்டாம் முறையும் செய்து, கழுவும் தண்ணீர் பி.ஹெச். 7 காட்டும்வரை அலசுங்கள். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று காஸ்டிக்கை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் செல்லுலோஸின் படிக அமைப்பே மாறித் தட்டு சுருங்கும். இந்த வேலைக்குக் கூடத்துப் பாத்திரங்களை எடுக்காதீர்கள், இடமும் தனியாக இருக்கட்டும்.

சவ்வை மாட்டும் சட்டம் கட்டுவது இப்படி. அடியில் 2 மில்லிமீட்டர் துளைகளுள்ள எவர்சில்வர் தகடு, அதன் மேல் பாலிப்ரோப்பிலீன் வடிதுணி, அதன் மேல் சவ்வு. சவ்வுக்கு இரண்டு முகம் உண்டு. காற்றைப் பார்த்து வளர்ந்த மேல்முகம் நெருக்கமானது, அடிமுகம் தளர்ந்தது. நெருக்கமான முகம் கழிவுநீர்ப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், கழுவினாலும் வராது. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் நைட்ரைல் கேஸ்கட். சைக்கிள் ட்யூப் ரப்பர் எண்ணெயில் ஊதிவிடும். 5 சென்டிமீட்டருக்கு ஒரு போல்ட், மேலே 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டி. எண்ணெய் மேலே மிதப்பதால் சவ்வு அடியில் இருப்பதே சரி. ஓரத்தில் கேஸ்கட்டுக்கு 2 சென்டிமீட்டர் போனால், ஒரு சட்டத்தில் வேலை செய்யும் பரப்பு 26க்கு 36 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 0.094 சதுர மீட்டர்.

முதலில் ஒரே ஒரு சட்டம் செய்து சோதியுங்கள். சோப்பில்லாமல் 1 மில்லி கடலை எண்ணெயை 1 லிட்டர் தண்ணீரில் விட்டு மிக்சியில் இரண்டு நிமிடம் அடித்தால் பால் போல வரும். அதை ஊற்றி, வடிந்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, இருட்டில் டார்ச் அடியுங்கள். ஒளிக்கற்றை உள்ளே கோடாகத் தெரிந்தால் எண்ணெய் கசிகிறது. போல்ட்டை இறுக்கியதும் சரியானால் ஓரக் கசிவு, ஆகாவிட்டால் சவ்வில் ஓட்டை.

பிறகு உங்கள் சொந்தச் சோப்புத் தண்ணீரை ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அதைப் பரப்பால் வகுத்தால் வருவதே உங்கள் கணக்கு. 1.9 லிட்டர் இறங்கினால் சதுர மீட்டருக்கு மணிக்கு 20 லிட்டர். அப்படியானால் ஆறு சட்டம், 0.56 சதுர மீட்டர், மணிக்கு 11 லிட்டர். சாயங்காலம் நிரப்பி விட்டால் 120 லிட்டரும் விடிவதற்குள் இறங்கிவிடும். இதே வேகத்தில் 600 லிட்டருக்குப் போயிருந்தால் முப்பது சட்டம். தண்ணீரைப் பிரித்துப் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான். பத்தில் ஒரு பங்கு மீந்ததும் நிறுத்தி, அந்தக் கெட்டியைக் கிரீஸ் ட்ராப்பில் ஊற்றாமல் தனி வாளியில் எடுங்கள். அதில் சோப்பு நிறைய இருக்கும்.

அந்த வாளிக்குப் படிகாரம். 100 கிராமை 1 லிட்டரில் கரைத்தால் 1 மில்லியில் 100 மில்லிகிராம். ஐந்து பாட்டிலில் ஒவ்வொரு லிட்டர் எடுத்து 1 முதல் 5 மில்லிவரை விட்டுக் கலக்கி, எது சீக்கிரம் திரிந்து பிரிகிறதோ அந்த அளவு. ஐந்திலும் பிரியவில்லையா, அளவை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். பி.ஹெச். 6க்குக் கீழே போனால் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம். கூடம் பெரிதாகி நாளுக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் வந்தால் சவ்வை விட்டுவிட்டு மின்திரட்டலுக்குப் போங்கள். மின்சாரம் பாய்ந்ததும் அலுமினியத் தகடு கரைந்து படிகாரத்தின் வேலையைச் செய்யும். மின்வேதியியலுக்கென்றே 1953இல் திறந்த தேசிய ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது.

ஓட்டம் பாதியாகக் குறைந்ததும் நிறுத்திக் கழுவ வேண்டும். வேகம் குறைகிறதே என்று தண்ணீர் உயரத்தை ஏற்றாதீர்கள், அது படலத்தை இன்னும் அழுத்திப் பதிக்கும். பெட்டியைக் காலிசெய்து, நல்ல தண்ணீர் விட்டு, மென்மையான பஞ்சால் மேலாகத் துடையுங்கள். பிறகு லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா, 45 டிகிரி, அரை மணி நேரம். தேறாவிட்டால் லிட்டருக்கு 5 கிராம் காஸ்டிக். ப்ளீச்சிங் பவுடர் செல்லுலோஸை ஆக்சிஜனேற்றி வலுவிழக்கவைக்கும். சூடான கடும் அமிலம் இழையையே அறுக்கும். இரண்டும் வேண்டாம். கழுவிய பிறகும் முதல் வேகத்தில் முக்கால் பங்கு வரவில்லையென்றால் புதுச் சவ்வு மாட்டுங்கள். செல்லுலோஸைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் கழிவுநீரில் உண்டு. அழுக்குத் தண்ணீரில் சும்மா போட்டுவைத்த சவ்வு தானாகவே குழைந்துவிடும். கைவசம் வைத்திருக்கும் சவ்வுகளை, கொஞ்சம் வினிகர் விட்ட சுத்தமான தண்ணீரில், மூடிய டப்பாவில், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வடிந்த தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அதை நம்பி ஊரணிப் பக்கம் திருப்பிவிடாதீர்கள். சர்க்கரை, உப்பு, சோப்பு போலக் கரைந்திருப்பது எதையும் இந்தச் சவ்வு பிடிக்காது. உள்நாட்டு நீர்நிலையில் விட எண்ணெயும் கிரீசும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் மட்டும் போதாது, பி.ஓ.டி.யும், அதாவது கரைந்த கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவும், 30க்குள் இருக்க வேண்டும். அதிரசப் பாகு கலந்த தண்ணீரில் எண்ணெய் எண் தேறலாம், பி.ஓ.டி. தேறாது. பாசன நிலத்துக்கு எண்ணெய் அதே 10, பி.ஓ.டி. 100. பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கு எண்ணெய் 20, பி.ஓ.டி. 350. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊரில் இந்த எண்களைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். வடிந்த நீரைக் கல்வாழையும் கோரையும் நட்ட சரளைப் பாத்தி வழியாக விட்டு, பி.ஓ.டி. இறங்கியதைச் சோதித்த பிறகு தோட்டத்துக்குத் திருப்புங்கள். சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு எண் குறைவாகக் காட்டும். எண்ணெய்ச் சோதனைக்கு 1 லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அமிலம் விட்டுப் பி.ஹெச். 2க்குக் கீழே இறக்கி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். பி.ஓ.டி.க்கு அமிலம் விடாத தனிப் பாட்டில்.

பழைய சவ்வை அலசிக் கத்தரித்து எருக்குழியில் போடலாம், மக்கிவிடும். சட்டியிலிருந்து வழித்த பழைய எண்ணெயைப் பயோடீசலுக்கு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்றிப் பொரிக்கும் கூடம் அதற்குக் கணக்கு எழுதிவைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.